பிரிந்து வாழும் தம்பதி: ரீஜென்சி குறுநாவலில் சட்டம், பணம், கதைக்கட்டு

நீலக்கல்:

பிரிந்துபோன கணவன் மனைவி மறுபடி சேர்கிற ரீஜென்சி (1811-1820 இங்கிலாந்து) குறுநாவல்களுக்கு இங்கே தனி இழை இல்லை. காதலித்துக் கல்யாணத்தில் முடிகிற கதைகளுக்குத்தான் இழை மேல் இழை இருக்கு. எனக்கு இந்த வகைதான் உசத்தி. கல்யாணம் ஆயாச்சு, ஒருத்தரை ஒருத்தர் தெரியும், எங்கே குத்தினால் வலிக்கும்னும் தெரியும். 30,000 சொல்லுக்குள்ள ஒரு கதை கட்டுறேன். சட்டகம் இது:

1809ல் கல்யாணம். சில மாதத்திலேயே பெரிய சண்டை, அவன் ஸ்பெயின் போருக்குப் போயிடுறான். 1814 கோடையில் வைகவுண்ட் பட்டத்தோடு திரும்புறான். "முதலிரவே நடக்கலை, இந்தக் கல்யாணத்தைச் செல்லாததாக்கிடலாம்"னு சொல்றான், அவளும் சரிங்கிறா. அந்த வேலை முடியும்வரை இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருக்காங்க.

நான்கு சந்தேகம். அந்தக் காலத்தில் அப்படிச் செல்லாததாக்க முடியுமா? அஞ்சு வருஷம் அவள் எந்தப் பணத்தில் வாழ்ந்திருப்பா? ஃப்ளாஷ்பேக் எவ்வளவு போகலாம்? பிரிவின் காரணத்தை எங்கே உடைக்கணும்?

பழைய ஏடு:

முதல் சந்தேகத்துக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதைப் பொறுத்தவை.

முடியாது. முதலிரவு நடக்காதது இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் தனியாக ஒரு காரணமே அல்ல. உடற்குறையால் தாம்பத்தியம் இயலாது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தும் நடக்கவில்லை என்று காட்ட வேண்டும், மருத்துவரும் மருத்துவச்சியும் சோதித்துச் சான்று தர வேண்டும். உங்கள் நாயகன் சில மாதத்தில் கப்பல் ஏறிவிட்டான். நீதிமன்றக் கதவைத் தாண்டவே மாட்டான்.

செல்லாததாக்க வேறு வழிகள் உண்டு. நெருங்கிய உறவு, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, திருமண நேரத்தில் மனநிலை பிறழ்வு. இவற்றைவிடக் கதைக்கு உதவுவது 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். 21 வயது நிறையாதவர் லைசென்ஸ் (அறிவிப்புப் படிக்காமல் மணக்கத் திருச்சபை தரும் அனுமதி) வாங்கி மணந்தால் தந்தையின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லையேல் அந்தத் திருமணம் பிறந்ததிலிருந்தே செல்லாது. மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்புப் படித்து மணந்திருந்தால், தந்தை எழுந்து மறுத்திருந்தால் ஒழிய, அது செல்லும். நாயகி 1809ல் 19 வயதுக்காரி, லைசென்ஸ் திருமணம், தந்தை கையெழுத்து சந்தேகத்துக்குரியது என்று வைத்தால் உங்கள் சட்டகம் அப்படியே நிற்கும். 1822ல் சட்டம் மாறிவிட்டது; 1814க்குக் கவலையில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அப்படிச் செல்லாமல் போனால் அவள் மணமாகாத பெண்ணாகிவிடுவாள். பட்டம் போகும், விதவைக்கான பங்கு போகும், குழந்தை இருந்தால் முறைதவறிப் பிறந்ததாகும். ஆகவே அவள் சுலபமாகச் "சரி" சொல்லமாட்டாள். சொன்னால் அதற்கு வலுவான காரணம் கதைக்குள் இருக்க வேண்டும்.

தீக்குச்சி:

அப்போ டிவோர்ஸ்? செலவு ஜாஸ்தி, ஆனா பிரபுவுக்கு முடியும்தானே?

பழைய ஏடு:

முடியும், அவனுக்கு. மூன்று படி. முதலில் திருச்சபை நீதிமன்றத்தில் படுக்கை, உணவு பிரிக்கும் தீர்ப்பு. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டிய டாக்டர்ஸ் காமன்ஸில் நடக்கும். இது பிரிந்து வாழ மட்டும் அனுமதி, மறுமணம் கிடையாது. இரண்டாவது, மனைவியின் காதலன் மேல் கணவன் கிங்ஸ் பெஞ்ச் என்ற அரச நீதிமன்றத்தில் போடும் நஷ்டஈட்டு வழக்கு. மூன்றாவது, பிரபுக்கள் சபையில் தொடங்கும் தனிச் சட்டம். அது நிறைவேறினால்தான் மறுமணம் செய்யலாம். இந்த மூன்றுக்கும் அடிப்படை, மனைவியின் சோரம் நிரூபணமாக வேண்டும் என்பது. "ஒத்துவரவில்லை" என்பதற்கு இடமே இல்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று தெரிந்தாலும் தள்ளுபடி.

மனைவி இதே வழியில் போவது அரிதிலும் அரிது. 1801ல் ஜேன் ஆடிசன் பெற்றார். அவர் கணவர் உறவு வைத்தது அவருடைய சொந்தச் சகோதரியோடு. 1857 சட்டம் வரும்வரை மொத்தம் நான்கே பெண்கள். ரீஜென்சியின் ஒன்பது ஆண்டுகளில், 1811 முதல் 1820 வரை, ஒருவர்கூட இல்லை.

நீதிமன்றக் காட்சி எழுதுபவர்களுக்கு: டாக்டர்ஸ் காமன்ஸில் சாட்சியம் தனியறையில் எழுத்தில் வாங்கப்படும். கூட்டத்தின் முன் குறுக்கு விசாரணை கிடையாது. கிங்ஸ் பெஞ்ச் வழக்கு ஜூரியோடு திறந்த மன்றத்தில் நடக்கும், ஆனால் கணவனும் காதலனும் வாய் திறக்க முடியாது. மனைவி வழக்கில் ஒரு தரப்பே அல்ல. வேலைக்காரர்கள்தான் சாட்சி. நாயகி கூண்டில் ஏறித் தன் பெயரைக் காக்கும் காட்சியை நான்கைந்து கதையில் பார்த்துவிட்டேன். அவளுக்குப் பேச இடமே இல்லாததுதான் அந்த வழக்கின் கொடுமை. அதை எழுதினால் இன்னும் ஆழமாகப் பதியும்.

கரும்பலகை:

ஸ்காட்லாந்தை விட்டுட்டீங்களே ஐயா. அங்கே மனைவியும் கணவனின் சோரத்துக்காக விவாகரத்து வாங்கலாம், நான்கு வருஷம் கைவிட்டுப் போனாலும் வாங்கலாம். லார்ட் பேஜெட் விஷயம் அப்படித்தானே முடிஞ்சது? 1809ல் ஹென்றி வெல்லெஸ்லியின் மனைவி ஷார்லட்டோட ஓடிப்போனார். வெல்லெஸ்லி நஷ்டஈட்டு வழக்கு ஜெயிச்சு, 1810ல் பார்லிமென்ட் மூலமா விலகினார். பேஜெட்டின் மனைவி கரோலின் ஸ்காட்லாந்தில் விவாகரத்து வாங்கி ஆர்கைல் டியூக்கை மணந்தார். நீலக்கல் கதையில் கணவன் அஞ்சு வருஷம் வரலை, கணக்கு நேராப் பொருந்துது.

பழைய ஏடு:

பொருந்தியிருக்கும், கதை 1810ல் நடந்தால். 1812ல் லாலி வழக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் மணந்தவர், ஸ்காட்லாந்தில் விவாகரத்தாகி, லிவர்பூலில் மறுமணம் செய்தார். இருதார மணக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இங்கிலாந்துத் திருமணத்தை ஸ்காட்லாந்து நீதிமன்றம் கலைக்க முடியாது என்பது அதன் சாரம். 1814ல் எந்த வக்கீலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஆனால் இதைக் கதைக்குள் கொண்டுவரலாம். நாயகி எடின்பரோ வழியை நம்பிப் பணம் சேர்த்துவைத்திருக்கிறாள், வக்கீல் லாலி பெயரைச் சொல்கிறார், கதவு மூடுகிறது. முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு இருவருக்கும் வெளியேறும் வழி இல்லை என்று வாசகருக்குத் தெரியும். இந்த வகைக் கதையின் உயிரே அதுதான்: பிரிந்து போகவும் முடியாது, சேர்ந்து இருக்கவும் தெரியாது.

நீலக்கல்:

ஐயா, அந்த லாலி விஷயத்தை எடுத்துக்கறேன். தந்தை கையெழுத்து விஷயமும் கணவன் கையில் இருக்கட்டும், அதைப் பயன்படுத்தலாமா வேண்டாமான்னு அவன் தடுமாறுறது நல்லா வரும். இப்போ பணம்?

ஏலக்காய்:

பணம் என் பேட்டை.

சட்டப்படி மனைவிக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. ரொக்கம், நகை, பங்கு எல்லாம் கணவனுடையது. நில வாடகையும் திருமணம் நீடிக்கும்வரை அவனுக்கே. அவளைக் காப்பது திருமண ஒப்பந்தம். அதில் மூன்று பார்க்கணும். ஒன்று கைச்செலவுப் பணம், வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. இரண்டு, அவன் இறந்தால் அவளுக்கு வரும் ஆண்டுத்தொகை. மூன்று, டிரஸ்டிகள் பெயரில் பூட்டிய தொகை. 10,000 பவுண்டு ஐந்து சதவீத அரசுப் பத்திரத்தில் இருந்தால் வருஷம் 500 வரும். நாட்டுப்புறத்தில் சிறிய வீடு, இரண்டு மூன்று வேலைக்காரர்களோடு கௌரவமா வாழலாம். லண்டனில் வீடு, வண்டி, குதிரைன்னு போனால் பத்தாது.

அஞ்சு வருஷப் பிரிவுக்குத் தனிப்பட்ட பிரிவுப் பத்திரம் வைங்க. மனைவி கணவனோடு நேரடியா ஒப்பந்தம் போட முடியாது. அவள் சார்பில் டிரஸ்டி கையெழுத்திடுவார், அண்ணனோ மாமாவோ. கணவன் வருஷத்தொகை தருவான், அவளைத் தொந்தரவு செய்யமாட்டான். பதிலுக்கு அவள் கடன் எதுவும் அவன் தலையில் விழாதுன்னு டிரஸ்டி பொறுப்பேற்பார். காலாண்டுத் தவணை: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. உங்க கதை 1814 கோடை. ஜூன் 24 பணம் வரலை, ஏன்னா பழைய வைகவுண்ட் இறந்து எஸ்டேட் கணக்கு முடங்கிடுச்சு. அவள் கேட்க வருகிறாள். இரண்டு பேரையும் சந்திக்க வைக்க இதைவிட இயல்பான காரணம் தேட வேண்டாம்.

பத்திரம் இல்லாமல் அவளைத் துரத்தியிருந்தால், சாப்பாடு, துணி, வாடகைக்கு அவள் வாங்கும் கடனுக்குக் கணவன்தான் பொறுப்பு. அவளாகக் காரணமில்லாமல் போயிருந்தால் இல்லை. அதனால்தான் "என் மனைவியின் கடனுக்கு நான் பொறுப்பல்ல"ன்னு செய்தித்தாளில் அறிவிப்பு கொடுப்பாங்க. அவமானத்தை ஒரே வரியில் காட்ட அந்த விளம்பரம் போதும்.

பழைய ஏடு:

ஏலக்காய் சொன்னதோடு ஒரு கண்ணி சேர்க்கலாம். மறுபடி கணவன் மனைவியாக வாழத் தொடங்கினால் அந்தப் பத்திரம் இறந்துபோகும். திருச்சபை நீதிமன்றத்திலும் அப்படியே. தெரிந்தே மீண்டும் சேர்ந்தால் பழைய குற்றத்தை மன்னித்ததாகக் கணக்கு, அதே குற்றம் திரும்ப நடந்தால் ஒழிய அதைச் சொல்லி வழக்குப் போட முடியாது. நீலக்கல், உங்கள் நாயகி இரண்டு வாரம் அவன் வீட்டில் இருப்பது சாதாரண விஷயமல்ல. ஒரே ஓர் இரவில் அவள் ஐந்து வருஷமாகக் கட்டிய பாதுகாப்பு முழுவதும் போகலாம், அது அவனுக்கும் தெரியும். அவன் அவளைத் தொடாமல் விலகி நிற்பதே அன்பின் முதல் சான்றாக ஆகும்.

தீக்குச்சி:

இது சூப்பர். ஒரே கட்டில் மட்டும் இருக்கிற சத்திரக் காட்சிக்கே வேற கனம் வந்துடுது.

மழைச்சாரல்:

இப்ப கட்டமைப்புக்கு வர்றேன். 30,000 சொல்லுக்கு 2,500 வீதம் 12 அத்தியாயம். கதை நிகழும் காலம் 10 முதல் 14 நாள், அதுக்கு மேல் போனா இடைவெளிகளை நிரப்பவே சொல் கரையும். பேசும் பாத்திரங்கள் நாயகன், நாயகி தவிர நாலு பேருக்கு மேல் வேண்டாம். அத்தை, வக்கீல், வீட்டு மேலாளர், ஒரு நண்பன் போதும்.

முதல் 1,500 சொல்லுக்குள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கணும். புதுக்காதல் கதையில் அறிமுகத்துக்கு நேரம் எடுக்கலாம், இங்கே வாசகர் வந்ததே இந்தச் சந்திப்புக்காகத்தான். பலரும் முதல் 5,000 சொல்லில் நாயகியின் தனிமை வாழ்க்கை, தோட்டம், தோழி, கிராமத்துப் பள்ளின்னு போயிடுறாங்க. அதெல்லாம் அவனோட பேசும்போதே வெளிவரலாம்.

பிரிவின் காரணத்தை மூன்று தவணையில் கொடுங்க. 3,000 சொல்லுக்குள் என்ன நடந்ததுன்னு வெளி உண்மை தெரியணும்: அவன் அதிகாலையில் கடிதம் வைத்துட்டுப் போனான். 12,000 பக்கம் அவள் பார்வையில் ஏன். 18,000 பக்கம் அவன் பார்வையில் ஏன். 18,000க்கு மேல் ரகசியத்தை இழுத்தா வாசகருக்குக் கோபம் கதாபாத்திரத்து மேல் இல்லை, எழுத்தாளர் மேல் வரும். கடைசி 12,000 சொல் முழுக்க, உண்மை தெரிஞ்ச பிறகும் ஏன் சேர முடியலைங்கிறதுக்கு வேணும். நான் பார்த்த பலவீனமான குறுநாவல்களில் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிதான் இல்லை. உண்மை தெரியுது, அழறாங்க, முடிஞ்சுது.

ஃப்ளாஷ்பேக் மொத்தம் 2,000 முதல் 3,000 சொல், அதுவும் இரண்டே துண்டு. தனி அத்தியாயமா வைக்காதீங்க. பழைய பியானோ, கல்யாணத்துக்கு வாங்கின குதிரை, அவன் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருக்கிற கதவு, இப்படி ஒரு பொருள் வழியா நினைவு வரட்டும். அந்த நடுக்கதவு பெரிய வீடுகளில் உண்மையிலேயே வழக்கம். யார் பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்கிறதை மூணு காட்சியில் மாத்தி மாத்திப் பயன்படுத்தலாம்.

கரும்பலகை:

மழைச்சாரல் அக்கா சொன்ன மூன்று தவணை சரி. ஆனா காரணமே சொத்தையா இருந்தா தவணை என்ன செய்யும்? "அவள் வேறொருத்தனோட தோட்டத்தில் நின்னதைப் பார்த்தான், அது அவள் அண்ணன்." இதை நான் ஏத்துக்கவே மாட்டேன். ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகிற பிரிவுக்கு அஞ்சு வருஷம் கொடுத்தவனை நாயகனா எப்படி மதிக்கிறது?

பேசித் தீராத காரணம் வேணும். குழந்தை இறந்துபோய் இரண்டு பேரும் தனித்தனியா துக்கப்பட்டது, அவள் வரதட்சணைத் தொகை அவன் அப்பாவின் சூதாட்டக் கடனுக்குப் போனது, அவன் கல்யாணம் செய்ததே கட்டாயத்தில்னு அவள் காதில் விழுந்தது, அதுவும் உண்மையா இருந்தது. கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது. பொய்யான தகவலைத் திருத்திடலாம். உண்மையான பழைய வார்த்தையோட வாழக் கத்துக்கணும்.

மழைச்சாரல்:

கருத்து சரி கரும்பலகை, ஆனா தவறான புரிதலை முழுக்க ஒதுக்க வேண்டாம். அது சின்னதா ஆரம்பிச்சு, இரண்டு பேரின் சுபாவத்தால் வளர்ந்திருந்தா நிற்கும். அவனுக்கு 23 வயசு, வீட்டில் யாரும் மனசு விட்டுப் பேசிப் பழக்கமில்லை. அவளுக்கு 19, அப்பா போட்ட சத்தத்தில் வளர்ந்தவள், அமைதியைக் கோபம்னு எடுத்துக்கிறா. அப்ப கேள்வி கேட்காதது நம்பும்படி இருக்கும்.

அவன் இடையில் வேறு பெண்ணோடு இருந்தானா என்பதை மட்டும் மழுப்பாதீங்க. ஆம்னா ஆம், இல்லைன்னா இல்லை, பாதிக் கதைக்குள் தெளிவா சொல்லிடணும். வாசகர் அந்தக் கேள்வியைத் தலையில் வச்சுட்டே படிப்பாங்க, வேறு எதிலும் மனசு போகாது.

ஏலக்காய்:

குழந்தையை மறைக்கிற கதைகளைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. "அஞ்சு வயசு மகன் இருக்கான், அப்பாவுக்கே தெரியாது"ன்னு நிறைய வருது.

பழைய ஏடு:

பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. 1839க்கு முன் குழந்தை மேல் தாய்க்குச் சட்டப்படி உரிமையே இல்லை. 1804ல் டி மான்வில் வழக்கில் பால்குடிக்கும் எட்டு மாதக் குழந்தையைத் தந்தை எடுத்துப்போனார், கிங்ஸ் பெஞ்ச் தலையிட மறுத்தது. அந்த வழக்கைக் கேள்விப்பட்ட நாயகி மறைக்கிறாள் என்றால் நம்பலாம்.

ஆனால் பட்டத்துக்கு வாரிசான மகனை மறைப்பதில் ஆபத்து உண்டு. திருச்சபைப் பதிவேட்டில் சரியான தந்தை பெயரோடு ஞானஸ்நானம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் உரிமைக்கே கேடு. 1813ல் பான்பரி பட்ட வழக்கில், திருமணத்துக்குள் பிறந்தவர் வழியில் வந்தும் பிரபுக்கள் சபை உரிமையை ஏற்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் உங்கள் கதை. எல்லோர் வாயிலும் அந்த வழக்கு இருந்திருக்கும். கணவன் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறிய தேதியும் குழந்தை பிறந்த தேதியும் பொருந்துகிறதா என்று மாதக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி:

சின்னச் சின்னப் பிழைகள் பத்தி: வைகவுண்டின் மனைவிக்கு "லேடி"க்குப் பின்னால் பட்டப் பெயர்தான் வரும். "லேடி எலினோர்"னு முதல் பெயர் போட்டா அவள் டியூக், மார்க்விஸ் அல்லது ஏர்லின் மகள்னு அர்த்தம். பிரிஞ்சிருந்தாலும் பட்டம் அவளோடதே. கிறிஸ்துமஸ் கதைன்னா அலங்கார மரம் வேண்டாம். ராணி ஷார்லட் 1800ல் விண்ட்சரில் வச்சிருக்காங்க, ஆனா வீடுகளுக்குப் பரவினது 1840களில்தான். மிஸில்டோ கொத்து, பெரிய விறகுக்கட்டை, ஜனவரி 6 கேக், இவை தாராளமா வைக்கலாம்.

மழைச்சாரல்:

இரண்டு பேரையும் ஒரு வீட்டில் அடைக்க வானிலை வேணும்னா உண்மையான தேதிகளே இருக்கு. 1814 ஜனவரி கடும் பனி, பிப்ரவரி தொடக்கத்தில் தேம்ஸ் உறைஞ்சு மேலே சந்தை போட்டாங்க. 1816 கோடை வரவே இல்லை. 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடிச்சதுதான் காரணம்னு இப்ப தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. குளிர், ஓயாத மழை, வீணான அறுவடை. நீலக்கல் 1814 கோடையை மாத்த வேண்டாம், ஜூனில் ரஷ்ய ஜாரும் பிரஷ்ய மன்னரும் லண்டனுக்கு வந்த கொண்டாட்டம் இருக்கு. பிரிஞ்ச தம்பதி ஊர் முன்னாடி ஒண்ணா நிற்க வேண்டிய கட்டாயத்துக்கு அது போதும்.

மன்னிப்புக் காட்சி பத்தி ஒண்ணு. தப்பு எவ்வளவு பெரிசோ அவ்வளவு சொல் கொடுங்க. அஞ்சு வருஷம் விட்டுட்டுப் போனவன் 300 சொல்லில் மன்னிப்பு கேட்டா பத்தாது. வாயால் கேட்கிறதுக்கு முன்னாடி செயலால் எதையாவது விட்டுக்கொடுக்கணும். பிரிவுப் பத்திரத்தை அவன் புதுசா எழுதுறான்: மறுபடி சேர்ந்தாலும், திரும்பப் பிரிந்தாலும், அந்தத் தொகை அவள் டிரஸ்டியிடமே இருக்கும். அவள் தங்குறது பணத்துக்காக இல்லைன்னு அவளுக்கே தெரியணும்.

பழைய ஏடு:

அழகான யோசனை, ஆனால் வடிவத்தை மாற்ற வேண்டும். எதிர்காலப் பிரிவுக்காக இப்போதே போடும் ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் ஏற்கத் தயங்கின. பிரிவைப் பற்றிய பேச்சே இல்லாமல், அவளுடைய தனிப் பயனுக்கென்று டிரஸ்டி பெயரில் ஒரு தொகையைத் தானமாக எழுதிவைக்கட்டும். அது சேர்ந்தாலும் பிரிந்தாலும் நிற்கும்.

நீலக்கல்:

அதையே எடுத்துக்கறேன், பத்தாவது அத்தியாயத்தில் வருது. பிரிவின் காரணம், கட்டாயத்தில் நடந்த கல்யாணம்னு அவள் காதில் விழுந்த உண்மையான வார்த்தை. கரும்பலகைக்கு நன்றி. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: அஞ்சு வருஷம் கடிதமே வரலைன்னா நம்புவாங்களா?

ஏலக்காய்:

ஸ்பெயினிலிருந்துன்னா கஷ்டம். ஃபால்மவுத்துக்கும் லிஸ்பனுக்கும் நடுவில் வாரம் ஒரு தபால் கப்பல் ஓடுச்சு. குளிர்காலத்தில் அதிகாரிகளுக்கு விடுப்பும் கிடைக்கும். அப்படி ஊருக்குப் போறவங்க அதிகம்னு தளபதி வெலிங்டனே குறைப்பட்டுக்கிட்டார். அவன் எழுதலைன்னா பிடிவாதம்னு நேரா சொல்லுங்க. எழுதியும் சேரலைன்னா, வீட்டுத் தபால்பையை யார் திறக்கிறாங்கன்னு பாருங்க: பழைய வைகவுண்ட் உயிரோட இருந்தவரை அவர்தான். அப்ப தபால்கூலி பெறுகிறவர் தலையில். தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் வச்சுக் கணக்கு, இரண்டாம் தாள் சேர்ந்தால் கூலி இரட்டிப்பு. ஆனா பார்லிமென்ட் உறுப்பினர்களும் பிரபுக்களும் ஒரு நாளைக்குப் பதினைந்து கடிதம் வரை கூலியில்லாமல் பெறலாம். அதனால் மகன் தன் கடிதங்களை அப்பா பெயருக்கே அனுப்பி, உள்ளே மனைவிக்குத் தனித் தாள் மடிச்சு வச்சிருப்பான். கிழவர் மேசையில் அந்தத் தாள்கள் பிரிக்காமல் கிடந்தா, அதுக்கு நீங்க எந்த விளக்கமும் எழுத வேண்டியதில்லை.